ஏற்காடு பஸ்ஸில் வாந்தி வருமா? ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பித்தப்பைக் கல்லுக்காகவோ கர்ப்பப்பைக் கட்டிக்காகவோ சேலத்துக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள், கையிலிருக்கும் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் இரண்டு. "வாந்தியே எடுக்கவில்லையே, வாந்திக்கு எதற்கு இரண்டு மூன்று ஊசி?" என்பது ஒன்று. "அதில் ஒன்று ஸ்டீராய்டாமே, அது எதற்கு?" என்பது இன்னொன்று. வேறு சில வீடுகளில் குறை நேர்மாறாக இருக்கும்: "போன முறை ஆபரேஷன் முடிந்து இரவு முழுக்க வாந்தி. எனக்கு மயக்க மருந்தே ஒத்துக்கொள்ளாது."

ஆபரேஷனுக்குப் பிந்தைய குமட்டலும் வாந்தியும் யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். கணித்தால் மருந்து கொடுத்துப் பெருமளவு தடுக்கவும் முடியும். இந்த இரண்டும் நோயாளிகளுக்குச் சொல்லப்படாததால்தான் மேலே சொன்ன குழப்பங்கள் எழுகின்றன.

எத்தனை பேருக்கு வருகிறது?

தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காமல் முழு மயக்கத்தில் ஆபரேஷன் செய்தால், பொதுவாக 100 பேரில் சுமார் 30 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். எளிதில் வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்களில் இது 70 முதல் 80 வரை போகும். முதல் 24 மணி நேரத்துக்குள் வருவதையே மருத்துவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

வாந்திதானே, வந்தால் போய்விடும் என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. வயிற்றில் தையல் போட்டு நான்கு மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண், கட்டிலில் ஒருக்களித்து, ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிட்னி ட்ரேயை வாய்க்கு அருகே இழுக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. பச்சை நீர் மட்டும் வருகிறது. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் வயிற்றுத் தசை முழுவதும் இறுகி, தையலை இழுக்கிறது. கண் ஆபரேஷன் என்றால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். கழுத்தில் ஆபரேஷன் என்றால் இரத்தக்கசிவு ஏற்படலாம். முழுவதும் விழிப்பு வராதவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு எது வரவே கூடாது என்று 1999-இல் அமெரிக்காவில் நோயாளிகளிடம் கேட்டு வரிசைப்படுத்தியபோது, வலியைவிட மேலாக முதலிடத்துக்கு வந்தது வாந்திதான்.

வாந்தி எங்கே உருவாகிறது?

"பித்தம் ஏறிவிட்டது" என்பது நம் ஊர் விளக்கம். பித்தநீர் வெளியே வருவது உண்மைதான். ஆனால் அது வாந்தியின் விளைவு. உத்தரவு கிளம்பும் இடம் மூளையின் அடிப்பகுதியான முகுளம். வயிறு, உதரவிதானம், தொண்டை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கி வாந்தியை வெளியே தள்ளும் நரம்புக் கூட்டம் அங்கே இருக்கிறது. அதற்குச் செய்தி கொண்டுபோகும் வழிகள் முக்கியமாக நான்கு.

1. குடல் வழி. குடலின் உட்சுவரிலுள்ள சில செல்களில் செரோட்டோனின் என்ற இரசாயனம் நிறைந்திருக்கிறது. உடலிலுள்ள செரோட்டோனினில் மிகப் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. குடலைத் தொட்டாலும், இழுத்தாலும், காற்றை நிரப்பி உப்பவைத்தாலும் அது கசிந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும்.

2. இரத்த வழி. முகுளத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியில், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே வழக்கமாக இருக்கும் தடுப்பு கிடையாது. இரத்தத்தில் நஞ்சு கலந்தால் உடனே கண்டுபிடிக்கும் காவல் இடம் அது. மயக்க வாயுவும் மார்பினும் அதன் கண்ணுக்கு நஞ்சாகவே படுகின்றன. டோபமின், செரோட்டோனின் ஆகிய இரசாயனங்களைப் பற்றிக்கொண்டு செய்தியை ஏற்கும் புள்ளிகளான ஏற்பிகள் இங்கே அதிகம்.

3. உட்செவி வழி. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, சுழல்கிறது என்று சொல்லும் உறுப்பு காதுக்குள் இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருப்பவரைத் தொல்லைப்படுத்துவது இந்த வழிதான். ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகிய இரண்டும் இங்கே செய்தி கடத்துகின்றன.

4. மேல்மூளை வழி. பயம், வலி, நாற்றம், "போன முறை வாந்தி எடுத்தேனே" என்ற நினைப்பு. இதுவும் உண்மையான நரம்பு வழியே. வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு.

மழைக்காலத்தில் பாறை சரிந்து அடிவாரச் சாலை அடைபட்டால் வண்டிகள் குப்பனூர் வழியாக ஏற்காடு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சாலையை அடைத்ததால் போக்குவரத்து நின்றுவிடாது. ஒரே ஒரு வாந்தி ஊசி போட்டும் சிலருக்கு வாந்தி வருவதற்குக் காரணமும் இதுதான். ஒவ்வொரு மருந்தும் ஒன்றிரண்டு வழிகளைத்தான் அடைக்கிறது.

ஆபரேஷன் அறையில் தூண்டுவது எது?

முதல் குற்றவாளி, மூச்சு வழியாகக் கொடுக்கப்படும் செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வரும் வாந்திக்கு முக்கியக் காரணம் இவை. நைட்ரஸ் ஆக்சைடும், ஆபரேஷன் நீளநீள, இதில் தன் பங்கைச் சேர்க்கிறது. இரண்டாவது, ஓபியாய்டு வகை வலி மருந்துகளான மார்பின், ஃபென்டனில், ட்ராமடால். இவை குடலை மந்தப்படுத்தும், இரத்த வழிக் காவலைத் தூண்டும், உட்செவியையும் கூருணர்வு கொள்ளச் செய்யும். அதனால்தான் அமைதியாகப் படுத்திருந்தவர், ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றித் திருப்பிய அந்த நொடியில் வாந்தி எடுக்கிறார்.

ஆபரேஷனின் வகையும் ஓரளவு பேசும். லேப்ராஸ்கோப்பி, பித்தப்பை, கர்ப்பப்பை, உடல் எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் வாய்ப்பு அதிகம்.

யாருக்கு வரும்? நான்கு கேள்விகள்

ஜெர்மனியைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் தலைமையிலான குழு 1999-இல் வெளியிட்ட எளிய மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தேவையில்லை.

1. பெண்ணா?
2. புகைபிடிக்காதவரா?
3. முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வந்திருக்கிறதா, அல்லது பயணத்தில் வாந்தி வருமா?
4. ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு வலி மருந்து தேவைப்படுமா?

ஒவ்வொரு "ஆம்" என்பதற்கும் ஒரு மதிப்பெண். ஒன்றும் இல்லையென்றால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 40, மூன்று என்றால் 60, நான்கும் என்றால் 80.

இப்போது இந்தக் கணக்கை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். ஆகவே ஆபரேஷன் அறைக்குள் நுழையும் முன்பே அவர்களுக்கு இரண்டு மதிப்பெண். வலி மருந்தைச் சேர்த்தால் மூன்று. பஸ் பயணத்தில் வாந்தி வருமென்றால் நான்கு. சேலத்தில் ஒரு பெண்ணுக்கு இயல்பாகவே 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றால், தடுப்பு மருந்து கொடுப்பதே வழக்கமாகவும், கொடுக்காமல் விடுவதே காரணம் சொல்ல வேண்டியதாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வியைத்தான் பல இடங்களில் சரியாகக் கேட்பதில்லை. "உங்களுக்குப் பயண நோய் உண்டா?" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருமா?" என்று கேட்டால், நாகலூரிலிருந்து வந்த பாட்டியும் ஆத்தூரிலிருந்து வந்த மாணவியும் தயங்காமல் பதில் சொல்வார்கள். கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

புகைபிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்காகப் பீடியைத் தொடர்வது பைத்தியக்காரத்தனம். புகை, ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலையும் காயம் ஆறுவதையும் கெடுக்கும்.

எந்த ஊசி எந்த வழியை அடைக்கிறது?

ஒண்டான்செட்ரான். எமிசெட் என்ற வணிகப் பெயரில் வீடுகள்தோறும் அறிமுகமானது. செரோட்டோனின் ஏற்பியைத் தடுத்து, குடல் வழியையும் இரத்த வழியின் ஒரு பகுதியையும் அடைக்கிறது. பெரியவர்களுக்கு 4 மில்லிகிராம், ஆபரேஷன் முடியும் தறுவாயில் நரம்பு வழியாக. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 3 முதல் 4 மணி நேரமே ஆகும் என்பதால், ஆரம்பத்திலேயே போட்டால் தேவைப்படும் நேரத்தில் பலன் குறைந்துபோகும். தலைவலி, மலச்சிக்கல் வரலாம். இதயத்தின் மின்னோட்டத்தில் சிறு தாமதத்தையும் உண்டாக்கும் என்பதால், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். இதே குடும்பத்தில் கிரானிசெட்ரானும், ஏறக்குறைய 40 மணி நேரம் கழித்தே பாதியாகக் குறையும் பாலோனோசெட்ரானும் இருக்கின்றன.

டெக்ஸாமெத்தசோன். மக்கள் பயப்படும் ஸ்டீராய்டு இதுதான். 4 முதல் 8 மில்லிகிராம், ஒரே ஒரு முறை. இது எப்படி வாந்தியைத் தடுக்கிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. தடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. வேலை செய்யத் தொடங்க நேரம் எடுக்கும் என்பதால் மயக்கம் கொடுத்த உடனே, ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் போடுகிறார்கள். விழித்திருக்கும்போது வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பகுதியில் சுருக்கென்று எரிச்சல் பரவும். அந்த வேதனையைத் தவிர்க்கவும் மயக்கத்துக்குப் பின் போடுவதே நல்லது.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பிப்போனவர்களைப் பார்த்த பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கேடுகள் நீண்ட காலப் பயன்பாட்டால் வருபவை. ஒற்றை ஊசியால் காயத்தில் சீழ் பிடிக்குமா என்ற கேள்விக்கு, 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியான ஆய்வு, 8 மில்லிகிராம் கொடுத்ததால் தொற்று கூடவில்லை என்று காட்டியது. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு கவனிப்பு தேவை. அடுத்த 24 மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும், அளந்து பார்க்க வேண்டும்.

டோபமினைத் தடுப்பவை மூன்றாவது குடும்பம். மெட்டோகுளோப்ரமைடு, அதாவது பெரினார்ம், நம் ஊரில் மிகப் பழையது. ஆனால் வழக்கமாகப் போடும் 10 மில்லிகிராம் அளவு இந்த வேலைக்குப் போதாது. இளம் வயதினருக்குக் கழுத்து, தாடை இறுகிக்கொள்ளும் விளைவும் சில சமயம் வருவதால், இதை மட்டும் நம்பியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். சிறிய அளவில் ஹாலோபெரிடாலும் டிரோபெரிடாலும் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன.

அப்ரெபிடன்ட் வேறு ஒரு ஏற்பியைத் தடுக்கிறது. மயக்கத்துக்கு 1 முதல் 3 மணி நேரம் முன் விழுங்கும் மாத்திரை. வாந்தியைத் தடுப்பதில் தனி மருந்துகளில் மிக வலுவானவற்றில் ஒன்று. விலைதான் சற்றுக் கூடுதல். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: இது அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், சில வாரங்களுக்கு வேறு தடுப்பு முறையும் தேவை.

ப்ரோமெதசின் போன்ற ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள் உட்செவி வழியை அடைக்கும். மலைப் பயணத்துக்கு முன் நம்மவர்கள் விழுங்கும் அவோமின் இந்த இனம்தான். தூக்கம் வரவழைக்கும்.

இவற்றின் பலன் எவ்வளவு உறுதியானது என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிரானிசெட்ரான் பற்றி ஜப்பானிய மருத்துவர் யோஷிடாகா ஃபுஜி வரிசையாக வெளியிட்ட ஆய்வுகளின் எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று 2000-இலேயே ஆப்ஃபெல் உள்ளிட்ட மூவர் கடிதம் எழுதினார்கள். 2012-இல் ஜப்பான் மயக்கவியல் சங்கத்தின் விசாரணை, அவருடைய 172 கட்டுரைகளில் புனைந்த தரவுகள் இருப்பதாகக் கண்டறிந்தது. நோயாளிகளின் உடம்பில் செலுத்தும் மருந்தைப் பற்றிப் பொய் எழுதுவது மன்னிக்க முடியாத செயல். அதன் பிறகு 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 585 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒண்டான்செட்ரான், கிரானிசெட்ரான், ராமோசெட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட் ஆகிய ஐந்தும் வாந்தியைக் குறைக்கின்றன என்பதற்கு உயர்ந்த நம்பகத்தன்மையுள்ள சான்று இருப்பதாக அது முடிவு சொன்னது.

ஏன் இரண்டு, ஏன் மூன்று?

5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் ஒவ்வொன்றும் அப்போதிருக்கும் வாய்ப்பில் சுமார் 26 சதவீதத்தைக் குறைக்கின்றன என்று காட்டியது. எந்த மருந்து முதலில் என்பதால் பெரிய வேறுபாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதிப்பெண் மூன்று உள்ள 100 பெண்களில் 60 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். ஒரு மருந்து கொடுத்தால் 44 ஆகும். இரண்டாவதைச் சேர்த்தால் 33. மூன்றாவதையும் சேர்த்தால் 24. ஒவ்வொரு ஊசியின் பலனும் முந்தையதைவிடச் சிறியது, ஆனாலும் 60-க்கும் 24-க்கும் இடையே உள்ள தூரம் பெரியது. மதிப்பெண் ஒன்றும் இல்லாத, பீடி பிடிக்கும் ஓர் ஆணுக்கு 10 சதவீத வாய்ப்புத்தான். ஒரு மருந்து அதை 7 அல்லது 8 ஆகக் குறைக்கும். நாற்பது பேருக்கு ஊசி போட்டால் ஒருவருக்குப் பலன். அவருக்கு மூன்று ஊசி வீண், பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. ஒன்று அல்லது இரண்டு காரணங்கள் இருந்தால் இரண்டு மருந்து, இரண்டுக்கு மேல் என்றால் மூன்று அல்லது நான்கு. அப்படியும் வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் போட்ட அதே இன மருந்தை மறுபடி போடுவதில் பயனில்லை, வேறு இன மருந்து போட வேண்டும். அடைத்த சாலையையே மறுபடியும் அடைப்பதால் என்ன பயன்?

ஊசிக்கு முன்பே செய்யக்கூடியவை

மயக்க வாயுவைத் தவிர்த்து, பால் போன்ற வெண்ணிறமுள்ள புரோபோஃபாலை நரம்பு வழியாகவே தொடர்ந்து செலுத்தி மயக்கத்தில் வைத்திருக்கலாம். அதே 2004 ஆய்வின்படி இது வாய்ப்பைச் சுமார் 19 சதவீதம் குறைக்கிறது. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவற்றையும், மரத்துப்போகச் செய்யும் ஊசியையும் பயன்படுத்தினால் ஓபியாய்டு தேவை குறையும். போதிய சலைன் ஏற்றுவதும் உதவும்.

"நேற்று மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆகவே வாந்தி வராது" என்பது பரவலான நம்பிக்கை. பட்டினி போடச் சொல்வது மயக்கம் கொடுக்கும் நேரத்தில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகாமலிருக்கத்தான். பின்னால் வரும் குமட்டலை அது தடுக்காது. நாவறண்டு கிடப்பது குமட்டலைக் கூட்டவே செய்யும். இலேசான திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பதே பொதுவான விதி. உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள். இஞ்சிச் சாறு, கஷாயம் என்று அன்று காலை நீங்களாக எதையும் குடிக்க வேண்டாம்.

மருந்தில்லாத ஒரு முறைக்கும் சான்று இருக்கிறது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உட்புறத்தில், இரண்டு தசைநார்களுக்கு நடுவே உள்ள புள்ளியை அழுத்துவது. செலவில்லாதது, தீங்கும் இல்லை.

முதுகில் ஊசி போட்டால்?

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் மயக்க வாயு கிடையாது. ஆனாலும் "டாக்டர், குமட்டுகிறது" என்று மேசையில் படுத்திருக்கும் தாய் சொல்வது வெகு சாதாரணம். நல்ல மயக்க மருத்துவர் அப்போது வாந்தி ஊசியைத் தேடமாட்டார், இரத்த அழுத்தம் காட்டும் திரையைப் பார்ப்பார். முதுகு ஊசியால் அழுத்தம் சட்டென்று இறங்கியிருந்தால், அதைத் தூக்கி நிறுத்தும் மருந்துதான் குமட்டலுக்கும் மருந்து.

குழந்தைகளில் மூன்று வயதுக்குக் கீழே வாந்தி குறைவு. அதற்கு மேல் கூடும். மாறுகண் ஆபரேஷன், அரை மணிக்கு மேல் நீளும் ஆபரேஷன், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இதே தொல்லை இருந்த வரலாறு ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அம்மாவுக்கு வந்த வாந்தி, மகளின் ஆபரேஷனுக்கான தகவல்.

"ஒத்துக்கொள்ளாது" என்ற சொல்லில் உள்ள சிக்கல்

முன்பு வாந்தி வந்ததை "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அதை ஒவ்வாமை என்று குறித்துக்கொள்ளக்கூடும். ஒவ்வாமை என்பது தடிப்பு, மூச்சிரைப்பு, இரத்த அழுத்தச் சரிவு. வாந்தி அப்படிப்பட்டதல்ல. தவறாகக் குறித்தால் தேவையான மருந்து மறுக்கப்படும், உண்மையான பிரச்சினையான வாந்திக்கோ தடுப்பு கிடைக்காது. "போன முறை இத்தனை மணி நேரம் வாந்தி எடுத்தேன், இந்த ஊசி போட்ட பிறகு நின்றது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மலையேறி வீடு திரும்பும்போது

அன்றே ஆபரேஷன், அன்றே வீடு என்பது இப்போது கூடிவருகிறது. அப்படிப் போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வீடு சேர்ந்த பிறகோ வழியிலோ குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஆபரேஷன் அறையில் போட்ட ஒண்டான்செட்ரான் அதற்குள் கரைந்துபோயிருக்கும்.

சமவெளிக்காரர்களைவிட மலைக்காரர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம். ஏற்காட்டுக்கோ அதைத் தாண்டிய சிற்றூர்களுக்கோ திரும்புகிறவர், புதுத் தையலோடு அந்த இருபது வளைவுகளையும் ஏற வேண்டும். "ஆஸ்பத்திரியில் கொடுத்த எமிசெட் இருக்கிறதே" என்று அதை மட்டும் விழுங்கிவிட்டு ஏறுவது போதாது. செரோட்டோனின் வழியை அடைக்கும் அந்த மாத்திரை, பஸ் வளைவில் வரும் உட்செவி வாந்தியைப் பெரிதாகத் தடுக்காது. அவோமின் இனம் தடுக்கும். ஆனால் அதோடு ட்ராமடாலும் சேர்ந்தால் தூக்கம் ஆளை அமுக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே "நான் மலைக்குப் போக வேண்டும், பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும்" என்று சொல்லி, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன் இருக்கை, திறந்த ஜன்னல், எதிரே தெரியும் சாலையில் பார்வை. ஒரு சிறு தலையணையை வயிற்றுத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டால், வாந்தி வந்தாலும் இழுப்பு குறையும். முடிந்தால் அன்றிரவு சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் காலையில் ஏறலாம். வாந்தி நிற்காமல் தொடர்ந்து, வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் இருந்தால் அது மயக்க மருந்தின் மிச்சம் அல்ல. இரவானாலும் மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டிய அறிகுறி அது.